ஏழு சுற்றுக்கு அண்ணன்

ஓசூர் மாட்டுப்பண்ணையில் வேலை பார்த்த என் வங்காளி நண்பனுக்கு எதிர்வீட்டு வங்காளிப் பெண்ணோடு கல்யாணம். மணப்பெண்ணைப் பலகையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு, அவளுடைய அண்ணன்மார் மாப்பிள்ளையை ஏழு முறை சுற்றிவர வேண்டும். கல்கத்தா அண்ணன்மார் ரயிலைத் தவறவிட்டார்கள். அவசரத்துக்கு அண்ணன்களானோம் நானும், என்னை அங்கே இறக்கிவிட்ட தளி பஸ் கண்டக்டரும்.

கண்டக்டருக்குப் பெருத்த உடம்பு, காதில் பென்சில். பெண் அவர்கள் வழக்கப்படி இரண்டு கையாலும் வெற்றிலையை விரித்து முகத்தை மறைத்திருந்தாள், பலகையைப் பிடிக்கவில்லை. "கெட்டியா புடிச்சுக்கம்மா!" என்று அவர் கத்தினார். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பழக்கத்தில் "ரைட், போலாம்!" என்றார்.

மறுநாள் பெண்ணை வழியனுப்பும்போது, கண்டக்டர் பயணிகளோடு பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிவந்து விம்மினார்.

"எதுத்த வீட்டுக்குத்தானே போவுது, எதுக்குங்க அழறீங்க?" என்றேன்.

"எதுத்த வீடுன்னாலும் புருஷன் வீடு இல்லீங்களா?" என்றார்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண், அவரைப் பார்த்துத்தான் அழத் தொடங்கினாள்.