மாளிகைமேடும் ஏழாவது ஆளும்

காலை ஆறரைக்குத் திருச்சியில் அரியலூர் பஸ் ஏறியபோது எனக்கு ஒரே குஷி. மலேசியாவில் பேராக் தோட்டப்புறத்திலிருந்து தொல்லியல் படிக்க வந்தவன் நான். முன்னோர் உடையார்பாளையம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள் என்று அப்பா சொல்வார். காலையில் கங்கைகொண்ட சோழபுரம், மாலையில் வகுப்புத் தோழன் செல்வத்தின் ஊரில் கபடி என்பது திட்டம். பாதி படிப்பு, பாதி சொந்த ஊர் திரும்புதல் என்று நினைத்துக்கொண்டேன்.

அரியலூருக்கு எழுபது கிலோமீட்டர். ஊர் நெருங்கியதும் சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டின. சாலையோர வேப்பமரங்கள் வெள்ளையடித்தது போல் நின்றன. அங்கே பஸ் மாறி, முந்திரித் தோப்புகளைத் தாண்டி ஜெயங்கொண்டம் சேர்ந்தபோது செல்வம் பைக்கோடு காத்திருந்தான்.

பத்து மணிக்குக் கோயில். நந்தியின் முன்னால் வாய் பிளந்து நின்றேன். பிறகு இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேடு. கங்கை வரை படை அனுப்பிய ராஜா குடியிருந்த அரண்மனையில், கூரைக்கடியில் கொஞ்சம் செங்கல் சுவர்தான் மிச்சம். மற்ற செங்கலையெல்லாம் யார் யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றான் செல்வம். எனக்கு மனசு கனத்துவிட்டது.

அவன் மனசு வேறெங்கோ இருந்தது. அன்றைய ஆட்டத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு கிளப் கோச் வருகிறார். அந்தக் கிளப்பின் வயது வரம்பு செல்வத்துக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. ஆனால் செல்வத்தின் அணியில் ஏழாவது ஆளுக்கு சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் மாற்றித் தரவில்லை. ஏழு பேர் இல்லாத அணியைச் சேர்க்க மாட்டார்கள்.

“நீ வரியாடா?” என்றான். எங்கள் தோட்டத்தில் வந்து நின்றவனுக்கெல்லாம் சட்டை கொடுத்துக் களத்தில் இறக்குவார்கள். நானும் அப்படி ஆடியவன்தான். சரி என்றேன்.

நாலு மணிக்கு ஆண்டிமடத்தைத் தாண்டி அவனுடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். கபடிக் கமிட்டிக்காரர், ஐம்பது வயது இருக்கும், மலேசியா என்றதும் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். செல்வம் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு டீ வரவில்லை. இவர்கள் அணியில் ஆடத்தான் வந்தேன் என்றதும் அவர் முகம் மாறியது.

“தம்பிக்குப் பூர்வீகம் எந்த ஊருங்க?”

“உடையார்பாளையம் பக்கம்னு அப்பா சொல்வாரு.”

“அங்க எந்தத் தெரு?”

தெரியாது என்றேன். தெருவுக்கு ஒரு அணி, அடுத்த தெரு ஆள் கலக்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடாம். தெரு என்று அவர் எதைச் சொல்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், நானும் செல்வத்தின் தெருதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

“இவனுவ சொல்லிக் குடுத்திருப்பானுவ. நாளைக்கு நீங்க எங்க ஆளுன்னு தெரிஞ்சா, அவனுவளோட எப்படி ஆட வுட்டீங்கன்னு எங்களத்தான் கேப்பாங்க. நீங்க கெஸ்டா மேடையில உக்காருங்க.”

கெஞ்சினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை. ஒருவர் எனக்குச் சால்வை போர்த்த வந்தார். வேண்டாம் என்று எழுந்தேன். ஆறு பேர்தான் என்று சொல்லி அணியின் பெயரை அடித்துவிட்டார்கள். கோச் முன்வரிசையில் இருந்தார். செல்வம் ஆட்டச் சட்டையைக் கழற்றாமல், வேலிப் பக்கம் நின்று இரண்டு ஆட்டம் பார்த்தான். எதிர்க்களத்துக்குள் பாடிப் போன ஒருவனைப் பார்த்து, “இடது கால் லேட்டு” என்று முணுமுணுத்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஏழு மணிக்கு என்னை ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டான். ஆத்திரம் தாங்காமல் அப்பாவுக்கு போன் போட்டு, நாம் எந்தத் தெரு என்று கேட்டேன்.

“அத மறக்கத்தானேப்பா கப்பல் ஏறினாங்க” என்றார்.

செல்வத்திடம் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டான். ராஜாவின் அரண்மனையைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்துப் போன ஊரில், இந்தத் தெருக் கோட்டை மட்டும் ஒருவரும் தொடவில்லையே என்று நினைத்தேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவனுக்கு அடுத்த வருடம் கிடையாது என்பது ஞாபகம் வந்தது.

“பஸ்ஸ எடுக்கப் போறான், ஏறு” என்றான்.

ஏறினேன். அவன் பைக்கைத் திருப்பி அதே ஊருக்குப் போனான்.