தலையாட்டும் விளையாட்டு

"இந்த விளையாட்ட ஒங்களுக்கு யாரு படிச்சுக் குடுத்தது?"

மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் ரயில் பாதையை ஒட்டிய பொதுக் காணியில் நின்று கைறுன்னிஸா அப்படிக் கேட்டபோது, எதிரே ஏழு பிள்ளைகள் நின்றார்கள். இதை எழுதுகிறவனும் அந்த ஏழு பேரில் ஒருவன். பாதைக்குக் குறுக்கே பிடித்த மூங்கிலின் ஒரு நுனி அவன் கையில் இருந்தது.

அது தொண்ணூறாம் ஆண்டு. கைறுன்னிஸா கிராம்பும் மிளகும் வாங்கிக் காயவைத்து மாத்தளைக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். வீட்டு முற்றத்தில் பலாமரம் வெயிலை மறைத்ததால், தெருவே பாவித்த அந்தக் காணியில்தான் பாய் விரிப்பாள். பிள்ளைகளுக்கும் விளையாட வேறு இடம் கிடையாது. பந்து பாயில் விழும். பந்தை எடுக்க ஓடி வரும் கால்கள் கிராம்பை மிதிக்கும்.

"இது ஒங்க வாப்பா வாங்கிப் போட்ட காணியா?" என்று அவள் சத்தம் போடுவாள்.

"ஒங்க வாப்பாவும் வாங்கலியே மாமி" என்பான் சுந்தரலிங்கம். ஸ்டேஷன் போட்டரின் மகன். வயது பன்னிரண்டு, வாய்க்கு மட்டும் முப்பது.

ஆவணியில் விளையாட்டு மாறியது. காணியின் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகள் மூங்கிலைக் குறுக்கே பிடித்தார்கள். போகிறவர், வருகிறவர் எல்லாம் அடையாள அட்டை காட்ட வேண்டும். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே பஸ் டிக்கட்டை நீட்டினார்கள். கைறுன்னிஸாவின் மூட்டையையும் சுந்தரலிங்கம் தட்டிப் பார்த்தான்.

"உள்ளுக்கு என்ன, குண்டா?"

"கிராம்பு. ஒரு பிடி ஒன்ட வாயில போட்டா இந்த நாக்கு மரத்துப் போகும். போடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

போன வருடம், கிளர்ச்சிக்காரர்களைத் தேடிய நாட்களில், சந்தியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி ஆண்களை இறக்கி வரிசையாக நிற்க வைத்தார்கள். தலையில் சாக்கு மாட்டிய ஒருவனை முன்னால் கொண்டுவந்தார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஊரில் அப்படிப்பட்டவனைக் கோணி பில்லா என்பார்கள். அவன் பேசமாட்டான். யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரை லொறியில் ஏற்றுவார்கள். ஸ்டேஷன் கூட்டுகிற இருளாண்டிக்கு அவன் ஆட்டவில்லை. பக்கத்தில் நின்ற இத்ரூஸுக்கு ஆட்டினான். இத்ரூஸ் கைறுன்னிஸாவின் ஒரே தம்பி. அவன் கையிலிருந்த பை ரோட்டிலேயே கிடந்தது. உள்ளே அவளுடைய மகளுக்கு வாங்கிய ஒரு சோடி றப்பர் செருப்பு.

மகள் றஸ்மியாவும் அன்று சந்தியில் இருந்தாள். கைறுன்னிஸா முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடி மடியோடு அழுத்திக்கொண்டாள். பிறகு தம்பியின் படத்தோடு ஆமிக் காம்ப் காம்பாக அலைந்தாள். எல்லா இடத்திலும் இல்லை என்றுதான் சொன்னார்கள். றஸ்மியாவிடம் மட்டும், "மாமா கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டாரு. இந்தச் செருப்ப அனுப்பீக்காரு" என்றாள். தெருவே சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. பிள்ளைக்கு உண்மை தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பயம். அந்த மூங்கில் அதைக் கிளறிவிடும் என்று பயந்துதான் கிராம சேவகரிடம் போய்க் காணிக்கு வேலி கேட்டாள். திங்கட்கிழமை கம்பியோடு வருவதாக அவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு அவள் கிராம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். இருளாண்டி மாட்டுக்குப் புல் கட்டோடு பாதையில் வந்தார். மூங்கில் குறுக்கே விழுந்தது. அவர் சிரித்தபடியே நின்றார்.

"தாத்தா, மூஞ்சிய நேரா வைங்க" என்றான் சுந்தரலிங்கம்.

கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு சின்ன உருவம் எழுந்து வந்தது. தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அது இருளாண்டியைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டியது.

புல் கட்டு கீழே விழுந்தது. இருளாண்டி குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் பிடரியில் கோர்த்துக்கொண்டார்.

"மாத்தயா, நான் ஒண்ணும் செய்யலீங்க, மாத்தயா" என்று ஆமிக்காரனிடம் பேசுவதுபோல் கெஞ்சினார்.

நன்றாக நடிக்கிறார் என்று பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவருடைய இடுப்புச் சாரம் நனைந்து மண்ணில் ஈரம் பரவியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கைறுன்னிஸா தன் கிராம்பைத் தானே மிதித்துக்கொண்டு ஓடி வந்து சாக்கை உருவினாள். உள்ளே றஸ்மியா. வேர்வையில் நனைந்த முகம், புருவத்தில் கிராம்புத் தூள்.

அப்போதுதான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டாள். றஸ்மியாதான் பதில் சொன்னாள்.

"யாரும் படிச்சுத் தரல்ல உம்மா. அண்டைக்கு ஒங்க முந்தானைக்குள்ளால எல்லாம் தெரிஞ்சிச்சு. மாமாவ ஏத்தினதும் தெரிஞ்சிச்சு."

"பின்ன ஏன்டி நீ இதப் போட்டுக்கிட்ட?"

"சாக்குப் போட்டவங்கள மட்டும்தானே லொறியில ஏத்தல்ல."

கைறுன்னிஸா சாக்கைக் கீழே போட்டாள். இருளாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, பிடரியிலிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அண்ணே, இது புள்ளைங்க. பாருங்க, இது என்ட மகள்."

அவர் றஸ்மியாவை நெடுநேரம் பார்த்தார். "நம்ம பாப்பாவா" என்றார். ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைகள்தான் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் கிராம சேவகர் கம்பிச் சுருளோடு வந்தார். கைறுன்னிஸா அவரைத் திருப்பி அனுப்பினாள்.

"வேலி போட்டா இதுகள் வேற எடத்துல போய் இதையே வெளையாடும். என்ட கண்ணுக்கு முன்னால ஈக்கட்டும்."

அன்று பின்னேரம் அவள் கிராம்புப் பாயைக் காலியாக விரித்து ஏழு பேரையும் உட்கார வைத்தாள். இத்ரூஸ் கொழும்பில் இல்லை என்று முதன்முதலாக வாயால் சொன்னாள். அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையின் நிறத்தைச் சொன்னாள், செருப்பைப் பற்றிச் சொன்னாள். றஸ்மியா அதைக் காலில் போட்டிருந்தாள். குதிக்கால் வெளியே நீண்டிருந்தது.

அடுத்த கிழமை மூங்கிலை வெட்டி விக்கெட் ஆக்கினோம். பந்து மறுபடியும் கிராம்பில் விழுந்தது, அவளும் மறுபடியும் ஏசினாள். இத்ரூஸ் மட்டும் இன்றுவரை வரவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இன்னொருவருக்குச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது இத்ரூஸ் என்ற பெயரை விட்டுவிடாதீர்கள்.