அக்கா தங்கிவிட்ட அறை

திறப்பு விழாவுக்குக் கலெக்டர் வந்திருந்தார். இசையமைப்பாளரின் மகன் சென்னையிலிருந்து மனைவியோடு வந்திருந்தார். இசையமைப்பாளருக்குத் தபலா வாசித்த பெரியவர் ஒருவர், ஊர்த் தலைவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பந்தலின் கடைசி வரிசையில் அப்பாவும் நானும். அம்மா வரவில்லை. "பொண்ண உள்ள வுட்டுட்டு வாசல்ல நின்னு கைதட்ட என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா சொன்ன பெண் என் அக்கா. அவள் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் எங்கள் ஊர். திறப்பு விழா நடந்த அந்த ஓட்டு வீட்டில்தான் இசையமைப்பாளர் பிறந்தார். நானும் அக்காவும் பிறந்ததும் அங்கேதான். அவர் இளவயதிலேயே சென்னைக்குப் போய்ப் பெரிய ஆள் ஆகிவிட்டார். அவருடைய நிலத்தை வாரத்துக்கு எடுத்து, விளைச்சலில் பங்கு கொடுத்து உழுதது அப்பா. நிலத்தோடு வீட்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படி நாங்கள் அங்கே குடியிருந்தோம்.

மலைக்கு அருவி பார்க்கப் போகிறவர்கள் காரை நிறுத்தி இறங்குவார்கள். அம்மா தண்ணீர் கொடுப்பாள். "அவரு எந்த ரூம்ல பொறந்தாருங்க?" என்பார்கள். அப்பா யோசிக்காமல் நடு அறையைக் காட்டுவார். "உனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "வேற எங்க பொறந்திருப்பாரு, அடுப்பங்கரையிலயா?" என்றார். கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி, அது இசையமைப்பாளர் பிறந்த அறை என்றே ஆகிவிட்டது.

அந்த அறையில்தான் அக்காவின் பானை தொங்கியது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண் வீட்டுச் சாமியாகிறாள். பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வருடத்துக்கொரு முறை தையில் பம்பை அடித்து, கிணற்றங்கரையிலிருந்து அவளை அழைத்து வருவோம். வந்தால் வீட்டுப் பெண் ஒருத்தி மேல் இறங்கிப் பேசுவாள். அவளுக்குரிய புடவையை மஞ்சள் தண்ணீரில் நனைத்து உலர்த்தி, பானையில் வைத்து உத்தரத்தில் கட்டுவோம். அக்காவுக்கு வைத்தது அவள் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு. கள்ளக்குறிச்சிக் கடையில் கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்ததோடு சரி. நிச்சயத்துக்கு முன்பே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. வருடா வருடம் மஞ்சளும் சாம்பிராணிப் புகையும் ஏறி, அந்தப் பட்டு ஏதோ பாட்டன் காலத்துத் துணிபோல ஆகிவிட்டிருந்தது.

இசையமைப்பாளர் காலமானபின் வீட்டை அருங்காட்சியகம் ஆக்குவதென்று மகன் முடிவு செய்தார். எங்களுக்குக் காலி செய்ய அவகாசம் கொடுத்தார்கள், ஏரிக்கரை ஓரம் ஒரு ஷீட் வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது. ஆனால் காலி செய்ய வேண்டிய நாள் மார்கழியில் விழுந்தது. மார்கழியில் பூவாடைக்காரியை இடம் மாற்றக் கூடாது. மனிதர்கள் நாங்கள் மட்டும் சட்டி பானையோடு கிளம்பினோம். "ஒரு மாசம்தாங்க, தை பொறந்ததும் எடுத்துக்கறோம்" என்று பெயிண்ட் அடிக்கிறவரிடம் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அவர் தலையாட்டினார். மறுவாரம் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

திறப்பு விழா அன்று கூட்டத்தில் எங்களால் நடு அறைவரை போகவே முடியவில்லை.

தை வந்தது. முதலில் புது வீட்டில் அழைப்போம், வந்து உத்தரவு கொடுத்தால் பானையை எடுத்துவரலாம் என்றார் பம்பைக்காரர். பொழுது சாயும்வரை அடித்தார். அம்மா தலைவிரித்து உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ முறை அக்கா வந்து பேசிய உடம்பு அசையவே இல்லை.

பம்பைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உம்பொண்ணுக்கு ஷீட்டு வூடு புடிக்கல தாயி. பாட்டுக்காரரு வூட்டுல டிக்கெட்டு இல்லாம குந்திகினு கீறா."

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் நாங்கள் மூவரும் போனோம். உத்தரத்தில் பானை இல்லை. சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் புடவை விரித்து வைக்கப்பட்டிருந்தது. கீழே ஓர் அட்டை.

"இன்னா தம்பி எழுதியிருக்குது?" என்றாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "அவரோட அம்மா கட்டன பொடவையாம்மா" என்றேன்.

அங்கே பொறுப்பில் இருந்தவரிடம் அப்பா, "அது எம்பொண்ணு பொடவைங்க" என்றார். "பெரியவரே, அந்தம்மா போயே தொண்ணூறு வருசம் ஆச்சு. இத நேத்து நீங்க கடையில எடுத்தீங்களா?" என்று அவர் சிரித்தார். நான் பானையைப் பற்றிச் சொன்னேன், மார்கழியைப் பற்றிச் சொன்னேன். அவருடைய சிரிப்பு போய்விட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நம்பறேன் தம்பி, பானையிலதான் கெடந்துது. ஆனா ஐயா தெறப்பு விழா அன்னிக்கி இதப் பாத்துட்டு அழுதுட்டாருங்க. நான் எப்பிடிச் சொல்றது? அவரு அப்பா பொறந்த நாளுக்கு வருவாரு. நீங்களே சொல்லிடுங்க, எடுத்துக் குடுத்துடறேன்."

அந்த நாளுக்காக அம்மா ஒரு புதுப்பானை வாங்கி மஞ்சள் பூசி வைத்தாள். என்ன பேசவேண்டும் என்று நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகன் வந்தார். வயதானவர். யாரிடமும் பேசாமல் நேரே கண்ணாடிப் பெட்டிக்குப் போய் நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு எங்களைப் பார்த்தார். "இத்தனை வருஷம் வீட்டைக் காப்பாத்திக் குடுத்தீங்க. எங்கப்பாவுக்கு அவங்கம்மா முகமே தெரியாது. அவங்களோடதுன்னு சொல்ல வேற ஒண்ணும் கிடைக்கலை. இந்தப் புடவையையாவது பத்திரமா வச்சிருந்தீங்களே" என்று அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

நான் பேச ஆரம்பித்தேன். அம்மா பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள்.

"வுடுப்பா."

"அம்மா…"

"அழுவறாருடா. இருக்கட்டும் வுடு."

வெளியே வந்ததும் அவள் புளியமரத்தடியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அது இன்றுவரை ஒப்பவில்லை. பேசியிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். "உனக்கு இருக்கறது ஒரு அக்கா நெனப்பு. எனக்கு அவ பொண்ணுடா. நானே வுட்டுட்டேன், நீ இன்னாத்துக்குக் குதிக்கற?" என்பாள் அம்மா.

ஷீட் வீட்டில் பம்பை அடிப்பதை நிறுத்திவிட்டோம். தை பிறந்தால் மூவரும் குளித்துவிட்டு அங்கே போகிறோம். சூடம் ஏற்றக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது. அம்மா மடியில் கொஞ்சம் பூ மறைத்துக் கொண்டுபோவாள். பொறுப்பில் இருப்பவர் அந்த நேரம் வெளியே போய்விடுவார். டிக்கெட் மட்டும் வாங்கித்தான் ஆகவேண்டும், அதற்கு அவர் கணக்குக் காட்ட வேண்டும். போன தையில் ஆளுக்கு இருபது ரூபாய், செருப்பு வைக்க ஐந்து ரூபாய், மொத்தம் அறுபத்தைந்து ரூபாய் ஆனது.