பாஸ்போர்ட்டை எடுத்துப் போனது அருள்தாஸ் சார் இல்லை

போதும். இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று.

அருள்தாஸ் சார் இன்று காலை இறந்துவிட்டார். நெஞ்சு வலி... ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

எங்கள் கம்பெனியின் பழைய அட்மின் ஆபீசர். கடலூரில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி. பெயர் வேண்டாம்.

சாவுச் செய்தியோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு வரி அஞ்சலி போட்டுவிட்டுப் போயிருப்பேன். முதலாளியின் மாப்பிள்ளை போட்ட போஸ்ட்டைப் பார்த்தேன். "ஒரு சின்னக் கவனக்குறைவால் எங்களைப் பிரிந்தாலும் அவர் என்றும் எங்கள் குடும்பத்தில் ஒருவர்." கீழே வரிசையாகக் கும்பிடு, கண்ணீர்.

கவனக்குறைவா? யாருடைய கவனக்குறைவு?

2010. முதலாளிக்குக் கொழும்பில் ஒரு பெரிய ஒப்பந்தம். எல்லோரையும்போல டிக்கெட் வாங்கிப் போனால் கௌரவக் குறைச்சல். சின்ன விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் குடும்பத்தோடு போய் இறங்க வேண்டும் என்றார்.

"நெய்வேலிப் பக்கம் ரன்வே சும்மாதானே கெடக்குது? அங்கேர்ந்து ஏறிட்டா முடிஞ்சுது!"

சார் ஏர்போர்ஸில் கிளார்க்காக இருந்து வந்தவர். பொறுமையாகச் சொன்னார். "பாரின் போற பிளேனு கஸ்டம்ஸ், இமிக்ரேஷன் இருக்கிற ஏர்போர்ட்லேர்ந்துதான் சார் கெளம்பணும். மெட்ராஸ் போயித்தான் ஏறணும்."

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம்... டெல்லிக்கு ஃபேக்ஸ், கொழும்புக்கு ஃபேக்ஸ். பைலட் லைசென்ஸ், இன்சூரன்ஸ், எந்த வழியாகக் கடலைத் தாண்டும், எத்தனை மணிக்கு இறங்கும்... இரண்டு நாட்டுக் கேள்விக்கும் பதில் எழுதியது அந்த ஒரே மனிதர்.

சின்ன விமானம் என்பதால் ஆளையும் பெட்டியையும் சேர்த்து எடை கேட்டிருந்தார்கள். மீன் பெட்டி நிறுக்கும் மேடைத் தராசில் முதலாளியையே ஏற்றி நிற்க வைத்தார் சார்.

"என்னாய்யா, என்னையும் ஐஸ் போட்டு அனுப்பப் போறியா?"

"வஞ்சிரமா இருந்தா அனுப்பிருப்பேன் சார். உங்களுக்கு வெயிட்டு மட்டும் போதும்."

முதலாளியே சிரித்துவிட்டார். அந்த ஆபீசில் நாங்கள் மனசு விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அனுமதி கிடைத்தது ஒரு வியாழக்கிழமைக்கு. அன்றைக்குத் தெற்கே சூலம். கொழும்பு தெற்கே.

சிதம்பரத்து ஜோசியர் ஒரு வழி சொன்னார். பரஸ்தானம். ஆகாத நாளில் பயணம் என்றால் முந்தின நல்ல நாளிலேயே ஒரு பையைப் போகிற திசையில் ஒரு வீட்டில் வைத்துவிடுவது. அன்றைக்கே கிளம்பிவிட்டதாக அர்த்தம். மறுநாள் போகிற வழியில் பையை எடுத்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை மாப்பிள்ளை, அருள்தாஸ் சாரின் மேஜைக்கு வந்தார். மூன்று பேர் ஹாலில் இருந்தோம். எங்கள் காது கேட்கத்தான் பேச்சு நடந்தது.

"சார், மாமாவோட பாஸ்போர்ட்டைக் குடுங்க. பையில அதான் முக்கியமா இருக்கணுமாம். சிதம்பரத்துல எங்க வீட்லதான் வெக்கிறோம்."

"தம்பி, கொழும்புதான் தெற்க இருக்குது. நாம பிளேன் ஏறப் போறது வடக்கே. சிதம்பரம் எப்படித் தம்பி வழியில வரும்? வேணும்னா ஒரு வேட்டியை வெச்சி அனுப்புங்க."

"நீங்க வேதக்காரவுங்க. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. காலையில டிரைவர் எடுத்தாந்துடுவான், குடுங்க."

"அப்ப ராத்திரியே ஆளை அனுப்பிடுங்க தம்பி. மறந்துடாதீங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும் சார்!"

வியாழக்கிழமை காலை மீனம்பாக்கத்திலிருந்து சார் ஆபீசுக்கு போன் செய்தார். டிரைவரிடம் யாருமே சொல்லவில்லை. பை சிதம்பரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பூஜை அறையில், பூப்போட்டு, சூடம் காட்டி, பத்திரமாக இருந்தது. விமானம் நிற்கிறது. பைலட் நிற்கிறார். பை கார் ஏறி மெட்ராஸ் வந்து சேருவதற்குள் பறக்கக் கொடுத்த நேரம் போய்விட்டது. கொழும்புக்காரன் வேறு ஆளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டான்.

யாராவது ஒருவர் தலையில் கட்ட வேண்டுமே.

மாப்பிள்ளை கூசாமல் சொன்னார். "பாஸ்போர்ட்டு அவரு பொறுப்பு. நான் கேட்கவேயில்ல. அவராதான் எடுத்துப் பையில போட்டு அனுப்பிட்டாரு."

கும்பிடாத சாமிக்குப் பரஸ்தானம் வைத்தாராம் அருள்தாஸ் சார்! முதலாளி அதை நம்பினார். நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது.

எங்கள் மூவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். சார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நாங்க கவனிக்கல சார்" என்று எழுதிக்கொடுத்தோம்.

அன்று மாலையே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக ஸ்டூல் போட்டு, ஊர்க்காரர்களுக்குப் பாஸ்போர்ட் அப்ளிகேஷன் நிரப்பிக்கொடுத்தார். ஒரு முறை என் வீட்டு வேலையாக அங்கே போக வேண்டியிருந்தது. ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"வாங்க தம்பி. வெயில்ல ஏன் நிக்கிறீங்க? டீ சொல்லவா?"

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனிதர்.

பதவி உயர்வு கிடைக்காத எவனோ வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்பீர்கள். கிடைக்கவில்லைதான். எரிச்சல்தான். அதற்காக நடந்தது இல்லையென்று ஆகிவிடுமா?

மாலை நாலு மணிக்கு அடக்கம். மாப்பிள்ளை ஆள் உயரத்துக்கு மாலை அனுப்பியிருக்கிறாராம்.

சார், நீங்கள் எதையும் மறக்கவில்லை. பையில் எதையும் போடவில்லை. நான் பார்த்தேன், கேட்டேன். நிம்மதியாகத் தூங்குங்கள்.

கீழே என் பெயரை டைப் செய்தேன்... அழித்துவிட்டேன். திங்கட்கிழமை நான் அதே ஆபீசுக்குத்தான் போயாக வேண்டும்.

பேஜ் அட்மின், இதை இப்படியே போட்டுவிடுங்கள். மூன்று பேரில் எவன் என்று அவர்கள் தேடிக்கொள்ளட்டும்.