கடைசி ஆளைக் கூட்டி வருகிறவன்

என் நண்பன் இப்போது இருக்கும் நாட்டில் மேடே கிடையாதாம். ஊர் முழுக்க சைக்கிள்தான், ஆனால் ஏறுவதற்கு ஒரு பாலத்தை விட்டால் வேறு ஒன்றும் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் புலம்புகிறான். கேட்கும்போது எனக்கு உள்ளூர ஒரு சின்ன சந்தோஷம். எங்களை விட்டுவிட்டுப் போனவன் கொஞ்ச நாள் புலம்பட்டுமே.

நாங்கள் மூன்று பேர், தெலுங்கு பேசும் ஒரு பெருநகரத்தின் வெவ்வேறு பகுதிகளில் குடியிருந்த தமிழர்கள். அவன் போலாரத்தில் பிறந்து வளர்ந்தவன். ரயில்வே வேலைக்காக எப்போதோ வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். ஒரு பேச்சைத் தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பான். இன்னொருத்தி கோயம்புத்தூர்க்காரி, வீடு குஷாய்குடாவில். எத்தனை வருடம் ஆனாலும் அவள் வாயில் அந்த ‘ங்க’ மட்டும் போகவில்லை. நான் ஹப்சிகுடாவில் குடியிருக்கும் ஐடிக்காரன், சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். எங்கள் ஊரில் மலை என்பது தூரத்தில் தெரியும் ஒரு பொருள். அதன் மேல் சைக்கிளில் ஏறலாம் என்று யாருக்கும் புத்தி கெட்டுப்போனதில்லை.

மழைக்காலம் வந்துவிட்டால் போதும், காரின் பின்னால் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் அனந்தகிரி மலைக்குக் கிளம்பிவிடுவோம். காட்டுக்குள் ஏறும் மண் பாதை எங்களுடையது. தடித்த டயருக்கு அடியில் செம்மண் பசை மாதிரி ஒட்டும். தண்ணீர் அரித்த பள்ளங்கள், அதில் தலை நீட்டும் வேர்கள். பாதி மலையில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் கல்லுப் பாதை, நேராக வானத்துக்குப் போவது போல நிற்கும். வலப்பக்கம் சுற்றுப் பாதை, நீளம் அதிகம், சரிவு குறைவு. இரண்டும் மேலே ஒரே டீக்கடை வாசலில் போய்ச் சேரும். நான் எப்போதும் சுற்றுப் பாதை. அதிலும் நான்தான் கடைசி.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. மேலே முதலில் போய்ச் சேர்ந்தவர் உட்காரக் கூடாது. திரும்பி இறங்கி வந்து, கடைசி ஆளோடு சேர்ந்து மறுபடியும் ஏற வேண்டும். முதல் தடவை நான் பாதி வழியில் வாந்தி எடுத்துவிட்டு ஒரு புளியமரத்தடியில் படுத்துக் கிடந்தபோது அவன் போட்ட சட்டம் அது. ஏறும்போது “இன்னும் கொஞ்சம்தான்”, “விடாதே” என்றெல்லாம் சொல்லக் கூடாது. அது சட்டத்தின் இரண்டாம் பாகம். மலையைத் தவிர வேறு எதைப் பற்றியாவது பேசிக்கொண்டே வர வேண்டும். அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவான். வீட்டில் சாம்பாருக்குப் பக்கத்தில் கோங்குரா கீரைப் பச்சடி வைப்பதில் ஆரம்பித்து, போலாரத்தில் எந்தக் கல்யாணத்தில் பிரியாணி அடிபிடித்தது என்பது வரை போவான். நான் “ம்” மட்டும் கொட்டுவேன். அந்தக் குரல் பக்கத்தில் இருக்கும்வரை என் கால்கள் எப்படியோ சுற்றும்.

அவனுடைய மனைவிக்கு அந்தத் தட்டை நாட்டில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, கடைசியாக ஒரு தடவை என்று புறப்பட்டோம். கோயம்புத்தூர்க்காரிக்கு மணிக்கட்டில் லேசான சுளுக்கு, காட்டுப் பாதையின் குலுக்கல் ஆகாது. அதனால் அவள் எங்களைக் கீழே இறக்கிவிட்டு, காரைத் தார் ரோட்டில் ஓட்டிக்கொண்டு மேலே டீக்கடைக்குப் போய்விட்டாள்.

எனக்கு அன்று ஒரே ஒரு ஆசை. அவன் இறங்கி வந்து கூட்டிப் போகாமல் ஒரு தடவையாவது நானே ஏறிவிட வேண்டும். ஆசை என்று சொல்வதைவிடப் பயம் என்று சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறிலிருந்து கூட்டிப் போக ஆள் இல்லை.

அவன் வழக்கம்போல முதல் வளைவிலேயே காணாமல் போனான். நான் பாதை பிரியும் இடத்துக்கு வந்தேன். என்ன நினைத்தேனோ, ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பிவிட்டேன்.

கல்லுப் பாதையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருப்பதிலேயே சின்ன கியரில் போட்டு, மூக்கு ஹேண்டிலில் இடிக்கும்படி குனிந்து, முன் சக்கரம் எம்பாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எருமை நடக்கும் வேகத்தில் ஏறினேன். தொடை எரிந்தது. வாய்க்குள் இரும்புச் சுவை. ஒரு இடத்தில் பின் சக்கரம் வழுக்கிக் கால் ஊன்றிவிட்டேன். பேசுவதற்கு யாரும் இல்லாததால் கோங்குரா பச்சடியை நானே நினைத்துக்கொண்டேன். அப்புறம் மரங்கள் விலகி, டீக்கடைப் புகை தெரிந்தது.

கடை வாசலில் அவள் மட்டும் மிளகாய் பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பஜ்ஜி கையிலேயே நின்றது.

“நீங்க எப்படிங்க வந்தீங்க? அவரு உங்களைத் தேடிக் கீழ போயி எத்தன நேரமாச்சு!”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் கல்லுப் பாதையில் வருவேன் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். சுற்றுப் பாதையில் ஒவ்வொரு வளைவாக, எந்தப் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறேனோ என்று பார்த்துக்கொண்டே அடிவாரம் வரைக்கும் போயிருப்பான். காட்டுக்குள் போனுக்கு சிக்னலும் கிடையாது. நான் பெஞ்சில் உட்காரப் போனேன்.

“ஏனுங்க, உட்காரலாமுங்களா?” என்றாள் அவள். “இப்ப மேல இருக்கறது நீங்க. கடைசி ஆளு அவரு. சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க.”

அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே சுற்றுப் பாதையில் இறங்கினேன். பாதி தூரத்தில் அவன் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. சட்டை முழுக்கச் சேறு, உதடு வெளுத்து, தலை தொங்கிப் போயிருந்தது. அடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறான்.

“அரே, கிதர் கயா தூ? எங்கடா போனே?” என்றான். மூச்சு வாங்கியது. “கல்லுப் பாதையா?”

“ஆமாடா.”

“கைக்கு? ஏன்டா?”

சைக்கிளைத் திருப்பி அவன் பக்கத்தில் வந்தேன். இப்போது பேச வேண்டியது என் முறை. ஆபீஸ் கேன்டீன் இட்லியைப் பற்றிச் சொன்னேன். என் மகன் என்னிடம் தெலுங்கில் பேரம் பேசுவதைச் சொன்னேன். அவன் “ஹவ்… ஹவ்…” என்று உருதுவில் ஆமாம் மட்டும் கொட்டினான். கடைசி வளைவுக்கு முன்னால் என்னிடமிருந்த பேச்செல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான், அதையும் சொல்லிவிட்டேன்.

“நீ போறது எனக்குப் பிடிக்கலடா. ஞாயித்துக்கெழம வந்தா நான் என்ன செய்யப் போறேன்னே தெரியல.”

“ஹவ்,” என்றான். அதற்கு மேல் அவனுக்கு மூச்சு இல்லை.

மேலே வந்தோம். அவள் இரண்டு டீயை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. ஹேண்டில் மேல் கவிழ்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினான். மூச்சு திரும்பியதும், நான் சொன்னதற்கு ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன்.

“டீ நக்கோ, வேண்டாம்,” என்றான். சைக்கிளைக் கீழ்ப்பக்கம் திருப்பினான். “வா. இன்னொரு தடவை ஏறலாம்.”

கூட்டி வருவதற்கு எங்கள் மூன்று பேரில் கீழே யாரும் பாக்கி இல்லை. ஆனாலும் இறங்கினோம்.