நாட்டை விட்டுப் போனவள்

சொந்தச் சமையலறையிலேயே ரொஃபியா முக்காட்டோடு நிற்கத் தொடங்கியதை முதலில் கவனித்தவள் யாம் என்கிற அவளுடைய நாத்தனார். யாமின் வீடு அடுத்த வீடு. பின்வாசல் வழியாக எந்த நேரமும் நுழைவாள். கதவைத் தட்டுவது அந்நியர்கள் செய்கிற காரியம் என்பது அவள் எண்ணம்.

"என்னடி இது? புருஷன் சோத்துல உக்காந்திருக்கான், நீ மசூதிக்குக் கெளம்புற மாதிரி மூடிக்கிட்டு நிக்கிற?"

"தலைவலி, காக். காத்து படக்கூடாது." அக்காவுக்கு அந்த ஊரில் காக்.

"தலைவலிக்கு முக்காடா? அப்ப எனக்கு முட்டி வலிக்குது, நான் என்னத்தச் சுத்திக்கிறது?"

ரொசெலி தலை நிமிராமல் மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அக்கா ஏதாவது சொன்னால் சிரிக்கிறவன் அன்று சிரிக்கவில்லை. முக்காடு எதற்கென்று அவனுக்குத் தெரியும் என்பதை ரொஃபியா அந்த மௌனத்தில்தான் அறிந்துகொண்டாள்.

மூன்றரை மாதத்துக்கு முன்பு இதே மேசையருகில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். கைப்பேசியில் அடிக்கடி வந்துகொண்டிருந்த ஓர் அழைப்பைப் பற்றி அவள் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அவள் மறுபடி கேட்டாள். "உன்னைத் தலாக் சொல்றேன்" என்றான். ஒரே ஒரு முறை. குரலைக்கூட உயர்த்தவில்லை. பிறகு காப்பியைக் குடித்து முடித்துவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு குவா மூசாங் பக்கம் போய்விட்டான். மகள் ஹுமைரா அப்போது குர்ஆன் வகுப்பில் இருந்தாள். வேறு யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை சொன்ன தலாக்கை, மூன்று மாதவிலக்கு வரையிலான இத்தா காலம் முடிவதற்குள் கணவன் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு வார்த்தை போதும். ரொஃபியா காத்திருந்தாள். அவன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தான், சாப்பிட்டான், குழாயைச் சரிசெய்தான், முன்னறையில் படுத்தான். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. மூன்றாவது மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளித்த அன்று அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டாள். இனி அவன் பிற ஆண். அவனுக்கு முன்னால் முடி தெரியக் கூடாது. மனைவி கணவனை அழைக்கிற முறையில் அவனை அவள் 'அபாங்' என்று அழைப்பதும் அன்றோடு நின்றது. கூப்பிட வேண்டி வந்தால் "ஹுமைரா அப்பா" என்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் பீரோவின் மேல்தட்டில் இருந்தது. அவளுடைய கடவுச்சீட்டு. அதில் ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டப்படும் அனுமதி: மலேசியக் குடிமகன் ஒருவனின் மனைவி, அவனோடு வாழ்வதற்காக இங்கே தங்கலாம்.

மேகோங் ஆற்றங்கரையில் ஒரு சாம் முஸ்லிம் கிராமத்தில் பிறந்தவள் அவள். பத்தொன்பது வயதில் சின்னம்மாவோடு இந்த ஊருக்கு, மச்சாங்குக்கு வந்தாள். கம்போடியாவிலிருந்து வருகிற சாம் பெண்கள் பலரையும் போல வீடு வீடாகத் துணி விற்றாள். முதலில் அவளை எல்லோரும் "கெம்போஜா" என்று கூப்பிட்டார்கள். மூன்று ஆண்டில் பேச்சு இந்த ஊர்ப்பேச்சாகிவிட்டது. புளித்த மீன் சாறான புடு இல்லாமல் சோறு இறங்காது என்றானது. மசூதியில் சாட்சிகளோடு நிக்காஹ் நடந்தது, பதிவும் ஆனது. பிறகு துணி விற்கப் போகவில்லை. வீட்டிலிருந்தபடி முக்காட்டுத் துணிகளுக்கு ஓரம் அடித்துக் கொடுத்தாள். இந்த ஊரில் பதினான்கு ஆண்டு. ஒருவர் ஓர் ஊரைச் சேர்ந்தவராவது எந்தக் கணத்தில் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்வதில்லை. சேராதவராவதற்கு மட்டும் தேதி இருக்கிறது.

அந்த ஆண்டு அனுமதியைப் புதுப்பிக்க ரொசெலி வந்தான். அதில் அவன் தவறியதே இல்லை. குடிநுழைவு அலுவலகத்தில் அதிகாரி கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே?"

"ஆமாங்க" என்றான் ரொசெலி.

ரொஃபியா குனிந்துகொண்டாள். அதிகாரி அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு முத்திரை குத்தினார். நான் பொய் சொல்லவில்லை, பேசாமல்தான் இருந்தேன் என்று வீடு வரும்வரை அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் படிவத்தின் அடியில் கையெழுத்து இருந்தது. கை வாயைவிட எளிதாகப் பொய் சொல்லிவிடுகிறது.

அதன்பின் அவன் வருவது குறைந்தது. குவா மூசாங்கில் ஒரு பெண்ணை மணந்துவிட்டான் என்ற செய்தியை யாம்தான் கொண்டுவந்தாள்.

"எந்தம்பிதான். ஆனா சொல்றேன், அவனுக்கு நாக்குல எலும்பும் இல்ல, முதுகுலயும் இல்ல." உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ ஏன் அழ மாட்டேங்கிற? எனக்கே அழுகை வருது."

"எனக்குத் தெரியும், காக்."

"என்ன தெரியும்?"

அப்போதுதான் ரொஃபியா எல்லாவற்றையும் சொன்னாள். வார்த்தை, காப்பி, மூன்று மாதக் கணக்கு, முக்காடு. யாம் கேட்டு முடித்தாள். பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, "பாஸ் எப்ப முடியுது?"

தங்கும் அனுமதி முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஆவணத்தில் திருமணம் அப்படியே இருக்கிறது, ரொசெலியைக் காதைப் பிடித்து இழுத்து வந்தாவது கையெழுத்துப் போடவைக்கலாம் என்று யாம் கணக்குப் போட்டாள். வாயால் முறிந்தது, தாளில் முறியவில்லை. அந்த இடைவெளியில்தான் ரொஃபியா குடியிருந்தாள்.

அனுமதி முடிய இருபத்திரண்டு நாள் இருக்கும்போது, திருமணம் நடப்பில் இருக்கிறது என்ற சான்றுக்காக ரொஃபியாவும் யாமும் மாவட்டச் சமய அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் இளைஞர், மரியாதையானவர். எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடி எண்ணைத் தட்டினார்.

"காக்... இதுல மணவிலக்குப் பதிவாகியிருக்கே. எட்டு மாசமாச்சு."

"யாருக்கு?" என்றாள் யாம்.

"இவங்களுக்குத்தான். கணவர் நீதிமன்றத்துல தலாக்கை உறுதிப்படுத்தியிருக்காரு. மனைவிக்கு அழைப்பு அனுப்ப முடியலன்னு போட்டிருக்கு. ஏன்னா..." அவர் தயங்கினார். "மனைவி நாட்டை விட்டுப் போயிட்டாங்க, இருப்பிடம் தெரியலன்னு சத்தியம் பண்ணியிருக்காரு."

"அப்ப இங்க நிக்கிறது யாரு தம்பி? இவ ஆவியா? ஒரு மணி நேரம் வரிசையில நின்ன ஆவியா?"

எழுத்தர் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் திரையையே பார்த்தார். "நான் இருக்கறதத்தான் படிக்கிறேன், மக்சிக்" என்றார், யாமை அத்தை முறை வைத்து.

ரொஃபியா மாதங்களை எண்ணிப்பார்த்தாள். எட்டு மாதமாக இந்த ஊரில் காய்கறி வாங்கியிருக்கிறாள், ஹுமைராவின் ஆசிரியையைப் பார்த்திருக்கிறாள், இரண்டு பெருநாளுக்குக் கேத்துபாட் சோற்றுக்கு ஓலை பின்னியிருக்கிறாள். அத்தனை நாளும் அவள் இங்கே இல்லை.

வெளியே வந்ததும் யாம் தம்பியை அழைத்து, திட்டித் தீர்த்துவிட்டுக் கைப்பேசியை அவளிடம் கொடுத்தாள். ரொசெலியின் குரல் எப்போதும்போல் மென்மையாகவே இருந்தது.

"நான் பொய் சொல்லலியே. தலாக் சொன்னது நெசந்தானே? நீதான் முக்காடு போட்டுக்கிட்ட."

"நான் நாட்டை விட்டுப் போயிட்டேன்னு சொன்னது?"

"அது... அவ வீட்ல, மொத கல்யாணத்த முறைப்படி முடிச்சாத்தான்னு நின்னாங்க. உன்னக் கூப்பிட்டு கோர்ட்டு, கேள்வின்னு இழுக்க வேணாம்னு பாத்தேன். வெறும் பேப்பர்தானே."

"அந்தப் பேப்பர்லதான் நான் இருக்கேன், ஹுமைரா அப்பா."

மறுமுனையில் லாரி கிளம்பும் இரைச்சல் கேட்டது. "நாளைக்குப் பேசுறேன்" என்றான். அவன் கெட்டவன் இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். யாரையும் நேருக்கு நேர் வருத்த மனம் வராதவன். அதனால் முதுகுக்குப் பின்னால் வருத்தினான். விளைவில் என்ன வித்தியாசம் என்பது விளங்கவில்லை.

இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்கு நாள் வாங்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் யாம் ஒரே பாட்டைப் பாடினாள்.

"கேக்கலன்னு சொல்லிடு. வீட்ல நீயும் அவனும்தானே? அந்தாளு சத்தியம் பண்ணிப் பொய் சொல்லியிருக்கான். நீ சத்தியமில்லாம ஒரே ஒரு பொய். தலாக்னு ஒண்ணு என் காதுல விழவே இல்லன்னு சொல்லு. கேஸு திரும்ப நடக்கும், அதுவரைக்கும் நீ பொண்டாட்டி."

"கேட்டேனே, காக்."

"கேட்டது அல்லாவுக்குத் தெரியும். ஆபீசுக்கு எதுக்குத் தெரியணும்?"

ரொஃபியா ஓரம் அடித்துக்கொண்டே யோசித்தாள். கேட்டதைக் கேட்கவில்லை என்று சொன்னால், பிற ஆணான ஒருவனைக் கணவன் என்று சொல்வதாகும். இத்தனை மாதம் முக்காட்டுக்குள் காத்த ஒன்றைத் தானே கலைப்பதாகும். சொல்லாவிட்டால் மகளை விட்டுப் போக வேண்டும். எதை எடுத்தாலும் தவறுதான். எந்தத் தவறோடு வாழ முடியும் என்பதுதான் கேள்வி. மூன்றாம் நாள் விடிந்தபோது முடிவெடுத்திருந்தாள்.

சட்ட அலுவலர் ஸலேஹா நடுவயதுக்காரி. ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தலாக் சொன்னதா அவர் குடுத்த தேதி இது. நீங்க கேட்டீங்களா? பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. கேட்டேன்னு சொன்னா, இந்தத் தேதிக்கு அப்புறம் குடிநுழைவுல மனைவின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அது தப்பான வாக்குமூலம்."

 யாம் மேசைக்கடியில் ரொஃபியாவின் தொடையைக் கிள்ளினாள்.

"கேக்கல" என்றாள் ரொஃபியா.

ஸலேஹா எழுதிக்கொண்டார். நிமிரவில்லை. நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

"சரி. மறுபரிசீலனைக்கு மனு போடுறேன். விசாரணைக்கு வர நாலஞ்சு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் இவ இங்க இருக்கலாம்ல?" என்றாள் யாம்.

"மனு போட்டதால அனுமதி நீளாது, காக். அதுக்குக் கணவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். வருவாரா?"



"அப்ப நான் சொன்னதால..." ரொஃபியா தொடங்கினாள்.

"ஃபைல்ல இருக்கும். தேதியை நிறுத்தாது."

பேருந்தில் திரும்பும்போது ரொஃபியாவுக்கு அழுகை வரவில்லை, ஒருவகைக் கூச்சம்தான் வந்தது. பொய்க்கு ஏதாவது பலன் இருந்திருந்தால் அந்தப் பலனை நினைத்து ஆறியிருக்கலாம். மூன்று நாள் தன்னோடு போராடி விட்டுக்கொடுத்ததை யாரும் கேட்டிருக்கவே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் நாள் அதே நாள்தான்.

மகளைக் கூட்டிக்கொண்டு போக வழி உண்டா என்று குடிநுழைவு அலுவலகத்தில் கேட்டார்கள். ஹுமைரா குடிமகள், அவளுக்குக் கடவுச்சீட்டு எடுக்கத் தகப்பன் வர வேண்டும். ரொசெலியை அழைத்தபோது, "அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது, பள்ளிக்கூடம் இங்கதானே" என்றான். அதிலும் நியாயம் இருந்தது. அவன் சொல்வதில் எப்போதும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அதிகாரி பதினான்கு நாள் சிறப்பு அனுமதி கொடுத்தார். மோசமான மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மனசு விட்டுடாதீங்க, காக். போயிட்டு, பொண்ணப் பாக்கணும்னா சுற்றுலாப் பயணியா வரலாம். முப்பது நாள் தங்கலாம். விசா கூட வேணாம்."

"சுற்றுலாவா?" யாம் கேட்டாள். "மச்சாங்குக்கா? இங்க பாக்குறதுக்கு என்னய்யா இருக்கு? ரவுண்டானாவா?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். யாமும் சிரித்தாள். பிறகு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிரூட்டி கண்ணைக் கரிக்கிறது என்றாள்.

மாலையில் ஹுமைராவை உட்காரவைத்துச் சொன்னார்கள். ஒன்பது வயதுக்காரி. அழுவாள் என்று இருவரும் ஆயத்தமாக இருந்தார்கள். அவள் அழவில்லை, விரல் நகத்தைக் கடித்தபடி யோசித்தாள்.

"நீ திரும்ப வர்றப்ப எங்க தங்குவ, மா? இங்கயா?"

ரொஃபியா யாமைப் பார்த்தாள். வீடு ரொசெலியுடையது. புதியவளை இங்கே கொண்டுவரப்போகிறான் என்று பேச்சு இருந்தது.

"எங்க வீட்ல தங்குவா" என்றாள் யாம். "எங்க வீட்ல என்ன, எடமா இல்ல?"

"அப்ப நானு? நான் இங்க இருப்பனா, அத்தை வீட்லயா?"

அதை அவர்கள் யோசித்திருக்கவில்லை. இத்தனை அலுவலகம் ஏறி இறங்கியதில், தாய் போன மறுநாள் காலை பிள்ளை எந்த வீட்டில் கண்விழிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அதைத் தீர்மானிக்கிற உரிமை அவர்கள் இருவருக்கும் இல்லை.

"அப்பாவக் கேப்போம்" என்று யாம் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. மூவரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

"லாரி ஓட்டிக்கிட்டு இருப்பான்" என்றாள் யாம்.

இருக்கலாம்.