போன கையைக் காட்டு என்றார்கள்

1946ஆம் வருஷம். சண்டை முடிந்து, பர்மாவுக்குப் போனவர்களில் பிழைத்தவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் மந்தைவெளியில் ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். நான் சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தேன். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ரிப்பேர் செய்யும் பிரிவில் இருந்து, குண்டடி பட்டு, இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்துவிட்டுத் திரும்பியிருந்தார். யார் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. பெயரால் பட்ட பாடு போதும், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பட்டாளத்துக்குப் போகும் முன் அவர் லஸ்ஸில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தார். சக்கரத்தில் கோட்டம் எடுக்க, அதாவது கோணலை நிமிர்த்த, அவரை விட்டால் ஆள் கிடையாது என்பார்கள். மைலாப்பூர் வக்கீல்கள் வீட்டு சைக்கிளெல்லாம் அவர் கைக்குத்தான் வரும். அந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று முடுக்க.

திரும்பி வந்த புதிதில் தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. காபி கிளப்பில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை கேட்டார்கள். கதை தீர்ந்ததும் மரியாதையும் தீர்ந்துவிட்டது. "பட்டாளத்தார்" என்று கூப்பிட்ட அதே வாய்கள் முதுகுக்குப் பின்னால் "மொண்டிக் கை" என்றன. பழைய கடை முதலாளி நல்ல மனுஷர்தான். "நீ வந்து சும்மா குந்திக்கினு இரு நைனா, வேலையை மத்தவங்க பார்த்துப்பாங்க" என்றார். என் வீட்டுக்காரருக்கு அந்த "சும்மா" தான் தாங்கவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்.

அப்போதுதான் பூனாவில் செயற்கைக் கை செய்து மாட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். தோல் பட்டையும் இரும்புக் கொக்கியுமாக இருக்குமாம். கொக்கியில் ஸ்பேனரைக்கூடப் பிடிக்கலாமாம். அதைக் கேட்ட அன்று அவர் முகத்தில் பழைய களை வந்தது. கொக்கி எந்தப் பக்கம் வளைந்திருக்கும், ஸ்போக்கை எப்படிப் பிடிக்கலாம் என்று ஒரு கையை ஆட்டி ஆட்டி எனக்குச் செய்து காட்டினார். பூனாவுக்குப் போக ரயில் பாஸும் அனுமதிச் சீட்டும் தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருந்த ஆபீஸில் கொடுத்தார்கள். நேரே போனால் கிடைத்துவிடும் என்று நினைத்தோம். என்ன புத்தி பாருங்கள்!

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் தெருவில் ஒரு பச்சை குத்துகிற அம்மாள் வந்தாள். நான் என் கையில் ஒரு கிளி குத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற இவர் தன் இடது கையை நீட்டி, அதே கிளியைக் குத்தச் சொன்னார். அதோடு விட்டாரா? கிளிக்கு மேலே என் பெயரையும் குத்தச் சொன்னார். அந்தக் காலத்தில் எந்த ஆம்பளை பெண்டாட்டி பெயரைக் கையில் குத்திக்கொண்டான்? என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். தெரு முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் உள்ளூர ஒரே பெருமை.

பட்டாளத்தில் சேர்ந்த அன்று டாக்டர் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, அடையாளம் என்ற இடத்தில் கிளியையும் என் பெயரையும் எழுதிக்கொண்டாராம். சேர்கிறவர்களின் உடம்பில் பச்சை, மச்சம், தழும்பு எது இருந்தாலும் எழுதிவைப்பது அங்கே சட்டம். அவசரத்தில் இவருக்கு வேறு எதுவும் எழுதவில்லை. "மூஞ்சி போனாலும் கை காட்டிக் குடுக்கும்" என்று டாக்டர் சொன்னதாக இவர் வந்து சிரித்தார். அபசகுனமாகப் பேசாதே என்று நான் அதட்டினேன். கடைசியில் மூஞ்சி பத்திரமாக வந்தது, கை போய்விட்டது.

ஆபீஸில் இருந்த ஹெட் கிளார்க் ரிக்கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இடது முன்கையில பச்சைன்னு போட்டிருக்கு, அதைக் காட்டு" என்றாராம். இவர் தொங்குகிற சட்டைக் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். "அப்ப அடையாளம் இல்லைன்னு ஆகுதில்ல?" என்றாராம் அவர். பெருவிரல் ரேகை வைத்தாவது பார்க்கச் சொன்னால், ஆம்பளைக்கு இடது கை ரேகையைத்தான் எடுத்திருந்தார்கள். அதுவும் கையோடு போயிற்று. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார். அந்தப் பெயருள்ள ஒருவனுக்குக் கையை எடுத்தார்கள் என்றுதான் இதில் இருக்கிறது, அந்த ஒருவன் நீதான் என்று யார் சொல்வது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வார்டு மெம்பரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடி போனார். இந்த ஆள் மந்தைவெளியில் இருக்கிறான் என்பதற்குத்தான் இது சாட்சி, பட்டாளத்தில் இருந்தான் என்பதற்கு இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்தவர், "வுடு, எனுக்குக் கையும் வாணாம் ஒண்ணும் வாணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் பூனாவுக்கு ஒரு கூட்டத்தை அந்த வாரம் அனுப்பப் போகிறார்கள், அதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அவரைக் கிளப்பினேன்.

"நீ இன்னாத்துக்கு வரே?"

"சும்மா, துணைக்கு."

துணைக்காம்! எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் ஜாஸ்தி. அது அவருக்கும் தெரியும்.

பங்களா வராந்தாவில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் நீளமாக வரிசையில் நின்றார்கள். கால் இல்லாதவர், கண் கட்டியவர், வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாமல் உள்ளங்கை மட்டும் நடுங்குகிறவர். எங்களுக்கு அடுத்து ராயப்பேட்டைக்காரர் ஒரு பாய், இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்துக்கொண்டு நின்றார். பொம்பளை உள்ளே போகக்கூடாது என்று பியூன் என்னைப் படியிலேயே நிறுத்திவிட்டான். அவர் முறை வந்து உள்ளே போனதும், திறந்திருந்த ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது.

"மறுபடியும் நீயா?" என்றார் ஹெட் கிளார்க். இவர் என்னவோ மெல்லச் சொன்னார். அதற்கு அவர், அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எத்தனையோ பேர் ரயில்ல அடிபட்டுக் கையை விட்டுட்டு வந்து பட்டாளத்தான்னு சொல்லிக்கிறான். எல்லாருக்கும் கை மாட்டறதுக்கு இதென்ன தர்ம சத்திரமா?" என்றார்.

குண்டு விழுகிற ரோட்டில் லாரிக்கு அடியில் படுத்து ரிப்பேர் செய்த மனுஷன், ஒரு மேஜைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பியூனைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

"இன்னா ஐயா கேட்டீங்க? அடையாளமா? அந்தக் கை பர்மாவுல கீது. நீங்க அனுப்பிச்ச எடத்துலதான் பொதைச்சு வச்சிருக்காங்க. ஒங்களுக்கு வேணும்னா நீங்களே போய்த் தோண்டி எடுத்துக்கினு வாங்க!"

ஹெட் கிளார்க் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, "யாரம்மா நீ? வெளியே போ!" என்று கத்தினார்.

"போவ மாட்டேன். சீட்டு குடு, போறேன்."

சொல்லிவிட்டு மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர், "ஏந்திரி, வா போலாம்" என்று தோளைத் தொட்டார். நான் அசையவில்லை. பியூன் என்னைக் கிளப்ப வந்தான். அப்போது வாசலில் அடுத்து நின்ற அந்த பாய் கட்டையால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அந்தம்மா மேல கை வெக்காதே. இவருக்கு சீட்டு குடுத்தாதான் மத்தவங்க உள்ளே வருவோம்." வரிசையில் நின்றவர்களும் ஆமாம் என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். ஒருவரும் முன்னே வரவில்லை, ஒருவரும் கலையவும் இல்லை. ஆபீஸ் அப்படியே நின்றுபோயிற்று.

சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். வடக்கத்தியர், தமிழ் தெரியாது. பாய்தான் இந்துஸ்தானியில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அதிகாரி ரிக்கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கையில் என்ன பச்சை இருந்தது என்று பாய் மூலமாக என்னைக் கேட்டார்.

"ஒரு கிளி. மூக்கு மணிக்கட்டுப் பக்கம் திரும்பி இருக்கும். மேலே என் பேரு" என்றேன். என் பெயரைச் சொன்னேன். ரவிக்கைக் கையை ஏற்றி என் கிளியைக் காட்டினேன். "ரெண்டும் ஒரே நாள்ல குத்தினது. அவரு கை போச்சு. அந்தக் கையில இருந்த பேருக்காரி நான் உயிரோட குந்திக்கினு இருக்கேன். நான்தான் அடையாளம். நல்லாப் பார்த்துக்கோங்க."

அதிகாரி ரிக்கார்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு என் புருஷன் பெயரைச் சொல்லச் சொன்னார். பாய் தயங்கினார். "வாயால சொல்ல வாணாம்மா, எழுதிக் காட்டுங்க போதும்" என்றார். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கம் அடித்துச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அதுவரை ஒரு தடவைகூட அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. எனக்கு எழுதத் தெரியும், எழுதியிருக்கலாம்தான். ஆனால் என் புருஷனைப் பொய்க்காரன் என்று அறைக்கே கேட்கிற மாதிரி பேசினார்களே! அதே அறை முழுக்கக் கேட்கும்படி, எழுந்து நின்று, அவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் சேர்த்து உரக்கச் சொன்னேன். அவர் ஆயுசைக் குறைத்துக்கொண்டிருந்தது என் வாய் இல்லை, இந்த ஆபீஸ்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்தது கல்யாணத்தன்றுகூட இல்லை.

அதிகாரி பேனாவை எடுத்து ரிக்கார்டில் பழைய அடையாளத்தை அடித்துவிட்டு என்னவோ எழுதினார். என்ன எழுதினார் என்று பாயைக் கேட்டேன். 'இடது முன்கை இல்லை' என்று எழுதியிருக்கிறார் என்றார். அவ்வளவுதான்! இல்லாத கைதான் இனி அடையாளம். இந்த ஒரு வரியை எழுத இத்தனை நாள் ஒருவருக்கும் மனசு வரவில்லை. சாட்சிக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். ஹெட் கிளார்க் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டையும் பாஸையும் நீட்டினார். நான் வாங்கவில்லை. "அவரு கையில குடுங்க" என்றேன். கொடுத்தார்.

வெளியே வரும்போது வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒரு கண் கட்டியவர் என் வீட்டுக்காரருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். இவரும் வலது கையால் திருப்பி அடித்தார். ஆழ்வார்ப்பேட்டை தாண்டிய பிறகு, "ஊரு முன்னாடி எம்பேரைச் சொல்லிட்டியேடி" என்றார். கோபமாக்கும் என்று திரும்பிப் பார்த்தால், கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பூனாவுக்குப் போய்க் கொக்கியோடு வந்தார். பழைய வேகம் வரவில்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. பட்டை தேய்த்துத் தோளெல்லாம் புண்ணாகும். சில நாள் கொக்கியைக் கழற்றிச் சுவரில் எறிவார். ஆனாலும் லஸ் கடையில் மறுபடி சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் எடுத்தார், முதலாளியும் அதற்குப் பிறகு அவரைச் சும்மா உட்காரச் சொல்லவில்லை. பேரன் பேத்தி பார்த்து, நல்ல வயதாகித்தான் போனார்.

நான் ஏன் அன்று அப்படி ஆடினேன் என்று சொந்தக்காரர்கள் வெகுநாள் கேட்டார்கள், இன்றைக்கும் எனக்கு அதில் ஒரு துளி வெட்கமும் இல்லை. உடம்பில் ஒரு பாதியை வாங்கிக்கொண்டு மீதி மனுஷனிடம் நீ யார் என்று கேட்டவர்கள் அல்லவா வெட்கப்பட வேண்டும்?